காப்பகத்துக் குட்டியை எடுக்கலாமா?

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

தெருநாய்கள் பெரும்பாலும் வருஷக் கடைசி மாதங்களில்தான் ஈனும். அதனால் தை, மாசியில் காப்பகங்களில் இரண்டு மாதக் குட்டிகள் நிறைந்துவிடும். நமக்கு வரும் கடிதங்களும் அதையொட்டியே இருக்கும். இந்த முறை குமரி மாவட்டத்து வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாய்க் காப்பகத்தில் ஒரு பழுப்பு நிறக் கலப்புக் குட்டி. ஒன்பது வாரம் என்கிறார்கள். ஐந்து குட்டிகளில் அதுதான் படு சேட்டை. ஓடி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதையே எடுக்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, தக்கலை

எடுக்கலாம், ஆனால் ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும். நீங்கள் போன நேரத்தில் ஒன்று தூங்கி எழுந்து துள்ளிக்கொண்டிருக்கும், இன்னொன்று அப்போதுதான் தின்றுவிட்டுச் சுருண்டிருக்கும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

போனதும் தரையில் உட்காருங்கள், கூப்பிட வேண்டாம். மற்றக் குட்டிகளோடு அது எப்படி விளையாடுகிறது என்று கவனியுங்கள். ஒரு நேரம் மேலே ஏறினால் மறுநேரம் மல்லாந்து கொடுக்கிறதா? மற்றது கீச்சிட்டதும் பிடியை விடுகிறதா? விட்டால் அது நல்ல சேட்டை. கீச்சிட்ட பிறகும் விடாமல் உலுக்குகிற குட்டி, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் வேலை வைக்கும். பிறகு ஐந்தாறு அடி தள்ளிச் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவதில் தப்பில்லை, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். மூலையில் ஒண்டியே கிடந்தால் பயந்த சுபாவம். அப்படிப்பட்ட குட்டியையும் வளர்க்கலாம், ஆனால் ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள வீட்டுக்கு வேண்டாம். இதையெல்லாம் வைத்து மூன்று வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று ஜாதகம் கணிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அடுத்து உடம்பு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் பூச்சி. ஒன்பது வாரக் குட்டிக்கு ஊசி முனைபோல் 28 பால்பற்கள் இருக்கும். முன்பற்கள் சில விழுந்து பெரிய பல் எட்டிப்பார்த்தால் அதற்கு நான்கு மாதம் ஆகப்போகிறது என்று பொருள். தடுப்பூசிக் கணக்கு அப்போது மாறும்.

தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். "ஊசி போட்டாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டிய சீட்டு, தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். கூடவே பிறந்தவற்றில் ஏதாவது செத்ததா, எப்போது, எதனால் என்றும் கேளுங்கள். நல்ல காப்பகம் இதை மறைக்காது. அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள், வீட்டைப் பார்க்க வருவார்கள், வளர்க்க முடியாவிட்டால் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குவார்கள். அதற்குக் கோபப்பட வேண்டாம். ஒன்றுமே கேட்காமல் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுப்பவர்களிடம்தான் யோசிக்க வேண்டும்.

"லேப் கிராஸ்" (லாப்ரடார் கலப்பு) என்று சொல்லித் தருகிறார்கள். எவ்வளவு பெரிதாக வளரும்? வீட்டு முற்றம் சின்னது.
– வாசகர், திங்கள்சந்தை

காது தொங்கினால் லேப், வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம், வால் சுருண்டால் பொமரேனியன் என்பதெல்லாம் கண் பார்த்துச் சொல்லும் ஊகம். அனுபவசாலிகளே இதில் அடிக்கடி தவறுவார்கள். தாயைப் பார்க்க முடிந்தால் பாருங்கள், அது கொஞ்சம் உதவும். நடுத்தர அளவு நாய்க்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நான்கு மாதத்தில் உள்ள எடையைப் போல் இரண்டு மடங்கு. எட்டு கிலோ இருந்தால் பதினாறை ஒட்டி நிற்கும். முற்றம் சின்னது என்பது பிரச்சினையே இல்லை. முற்றத்தில் விட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பிரச்சினை.

முழு வெள்ளைக் குட்டி என்றால் ஒரு சோதனை. அது பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டுங்கள். காற்றும் தரை அதிர்வும் அதற்குப் படாத தூரத்தில் நின்று தட்ட வேண்டும். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு மற்ற நிறங்களைவிட அதிகம், ராஜபாளையத்திலும் உண்டு.

எங்கள் பழைய குட்டி ஏழு மாதம் முன்பு பார்வோ (வாந்தி, ரத்தபேதி உண்டாக்கும் வைரஸ் நோய்) வந்து இறந்தது. வீட்டைப் பினாயில் போட்டுப் பலமுறை கழுவிவிட்டோம். இப்போது புதுக் குட்டி கொண்டுவரலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் பார்வோ சாகாது. பினாயில் நாய்க்கும் விஷம். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே கேடு. குளோரின்தான் வேலை செய்யும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் மலமும் மண்ணும் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், புது ப்ளீச்சிங் பவுடரைக் கலக்கி ஊற்றிப் பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கட்டிதட்டிப்போன பழைய பவுடர் வீண். ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். பழைய பாய், மெத்தை, பாத்திரம், கயிறு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

இவ்வளவும் சிமென்ட் தரைக்கும் டைல்ஸுக்கும்தான். மண் முற்றத்தை இப்படிச் சுத்தப்படுத்த முடியாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் கிருமி ஒரு வருஷம்கூடத் தங்கும். ஆகவே ஏழு மாதம் போதாது. உடனே வேண்டுமென்றால் ஒன்பது வாரக் குட்டியை விடுங்கள். 16 வாரத்துக்குப் பிந்திய ஊசியும் முடிந்து இரண்டு வாரம் ஆன, நாலைந்து மாதக் குட்டியாகக் கேளுங்கள். காப்பகங்களில் அந்த வயதுக் குட்டிகளைத்தான் யாரும் சீண்டுவதில்லை. சேட்டைக்கும் குறைவிருக்காது.

"ஒரு ஊசி போட்டும் பார்வோ வந்துவிட்டதே" என்று பலர் எழுதுகிறார்கள். தாயின் சீம்பாலில் இருந்து வந்த எதிர்ப்பு ஊசி மருந்தையும் சேர்த்தே முறித்துவிடும். அது எட்டு வாரத்துக்கும் பதினாறு வாரத்துக்கும் இடையில் எப்போது வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில். நடுவில் நிறுத்தினால் முதலில் போட்டதுக்கும் பலன் இல்லாமல் போகலாம்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆன குட்டி, விளையாட்டில் மகன் கையில் பல் பதித்துவிட்டது. கொஞ்சம் ரத்தம் வந்தது. குட்டிதானே, ஊசி தேவையா?
– வாசகர், குளச்சல்

தேவை. இன்றே போங்கள். குட்டி என்பதால் ரேபிஸ் வராது என்பது தப்பான எண்ணம். தாய்க்கு ஊசி போட்டிருந்ததா என்பதும் உங்களுக்குத் தெரியாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், அது நினைப்பதைவிட நீளமான நேரம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 என்று வரச் சொல்வார்கள். ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்து) போட வேண்டியிருக்கும், நீங்களே கேளுங்கள். குட்டியைப் பத்து நாள் கட்டாயம் கண்காணியுங்கள். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று பையனின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பதினொரு வாரக் குட்டி. பகலில் பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பேய் பிடித்தமாதிரி ஓடுகிறது, கணுக்காலைக் கடிக்கிறது, அடித்தால் இன்னும் துள்ளுகிறது. இது முரட்டு நாயாகிவிடுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

ஆகாது. அடித்தால் ஆகலாம். அடியை அது விளையாட்டாக எடுத்துக்கொண்டு மேலும் கடிக்கும். வலித்தால் கையைக் கண்டாலே பயப்படப் பழகும். பயந்து கடிக்கிற நாய்தான் பின்னால் ஆபத்து.

சாயங்கால ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூக்கக் குறைவு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்ததும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை விடாமல் விளையாடியிருப்பார்கள். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். தானாகத் தூங்கத் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் கூண்டோ தடுப்போ வைத்து, மெல்ல ஏதாவது கொடுத்து விட்டுவிட வேண்டும். ஐந்து மணிக்கு ஒரு தூக்கம் கிடைத்தாலே ஆறு மணிக் கூத்து பாதியாகக் குறையும்.

கடிக்கும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடுகிற எதையும் அது துரத்தும். கையை அப்படியே தளர விட்டு, வாயில் பிடிக்கத் தகுந்த துணியையோ கயிற்றையோ நீட்டுங்கள். அதை விட்டுவிட்டு மறுபடி காலுக்கு வந்தால், பேசாமல் எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் இருபது விநாடி நின்றுவிட்டு வாருங்கள். திட்டவும் வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பது அதற்குப் புரிய வேண்டும். வீட்டில் நாலு பேரும் ஒரேமாதிரி செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். தாத்தா மட்டும் கையைக் கொடுத்து விளையாடினால் குறையவே குறையாது. பிள்ளைகளுக்கு ஒரு விதி: குட்டி மேலே பாய்ந்தால் ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நில்.

ஓட்டம் வேண்டுமல்லவா? மூன்றடி மூங்கில் கம்பு, அதன் நுனியில் ஐந்தடிக் கயிறு, கயிற்றின் முனையில் பழைய துண்டை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். துண்டைத் தரையோடு தரையாக இழுங்கள். மேலே தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள், வளரும் மூட்டுக்கு ஆகாது. வழுக்கும் டைல்ஸ் தரையிலும் வேண்டாம். இரண்டு மூன்று முறை துரத்தியதும் ஒரு முறை பிடிக்க விடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். விளையாட்டு முடிந்ததும் கம்பை எடுத்து வைத்துவிடுங்கள்.

பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். புதுச் செருப்பு எது என்று அதற்குத் தெரியாது. நம் ஊரில் கதம்பையை (தேங்காய் மட்டையை) தூக்கிப் போடும் பழக்கம் உண்டு. கண்முன்னே கொஞ்சம் பிய்க்கட்டும், தப்பில்லை. தனியாக விட்டால் தும்பு இழைகளை விழுங்கிவிடும், அது குடலில் உருண்டு அடைக்கும். நான்கிலிருந்து ஆறு மாதத்தில் பால்பல் விழுந்து 42 பல்லும் முளைக்கும்போது ஈறு அரிக்கும்; ஈரத்துணியைச் சுருட்டிப் பிரீசரில் வைத்துக் கொடுங்கள். உடம்பு விறைத்து, பாத்திரத்தின்மேல் குனிந்து உறுமிக் கடிப்பது வேறு விஷயம், அதற்கு விவரம் தெரிந்த ஆளைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. குட்டி எதையும் வாயில் வைக்கிறது. உண்ணியும் நிறைய.
– வாசகர், குலசேகரம்

முதல் எதிரி ஒட்டுப்பால். மரத்துச் சிரட்டையில் காய்ந்திருக்கும் ரப்பர் பாலைப் பிய்த்து மெல்லக் குட்டிகளுக்குக் கொள்ளை ஆசை. விழுங்கினால் செரிக்காது. தின்றதையெல்லாம் வாந்தி எடுத்து, வெளிக்குப் போகாமல் முக்கினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், அறுவை செய்ய வேண்டியிருக்கும். பால் உறைய வைக்கும் ஆசிட் கேன், ஷீட் அடிக்கும் இடத்துக் கழிவுநீர், மழைக்கு முன் தெளிக்கும் மயில்துத்தக் கலவை, வாழைக்குப் போடும் குருணை மருந்து, எலி மருந்து இவை எதுவும் அதற்கு எட்டக் கூடாது. தோவாளைப் பக்கம் அரளி பயிர் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்: இலை, பூ, தண்டு அத்தனையும் இதயத்தைத் தாக்கும் விஷம்.

மழை இரவில் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி பக்கவாட்டில் ஊற்றிக் கழுவுங்கள். ஈறை ஈரத்துணியால் துடையுங்கள். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவர்.

உண்ணிக்கு: தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது, ஆகவே வருஷம் முழுக்க உண்ணிக் காலம்தான். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம். மிச்சம் சுவர் வெடிப்பிலும் கட்டில் அடியிலும் இருக்கிறது. எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டிய குட்டிக்கு எடைக்கேற்ற மாத்திரைகள் உண்டு, மருத்துவரிடம் வாங்குங்கள். மாட்டுக்கு அடிக்கும் மருந்தை ஊகித்துக் கலக்காதீர்கள். மண்ணெண்ணெய் கூடவே கூடாது. தினமும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள். சோர்வு, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிற மூத்திரம் இவற்றில் எதைக் கண்டாலும் ரத்தப் பரிசோதனை.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? வீட்டில் தினமும் மீன் உண்டு.
– வாசகி, தேங்காய்ப்பட்டணம்

முதல் நாலைந்து நாள் காப்பகத்தில் கொடுத்ததையே கொடுங்கள். பிறகு கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு என்று தொடங்கி ஒரு வாரத்தில் மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் பேதியாகும். பேதியானதும் பார்வோவோ என்று நீங்கள் பதறுவீர்கள். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதற்குப்பின் இரண்டு.

மீன் நல்லது, மீன் குழம்பு நல்லதல்ல. உள்ளியும் (வெங்காயம்) வெள்ளைப்பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். சாளை, நெத்தோலி, அயிலை எதுவானாலும் உப்பு, புளி, மிளகாய் இல்லாமல் வேகவையுங்கள். பச்சையாக வேண்டாம்; பச்சைச் சாளையிலும் நெத்தோலியிலும் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழிக்கும், வெந்தால் அது போய்விடும். சாளையைக் குக்கரில் முள் விரலில் நசுங்குகிற அளவுக்கு விட்டால் அப்படியே பிசையலாம். அயிலையில் நடுமுள்ளை உருவிவிடுங்கள். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடையும், தராதீர்கள். கருவாட்டில் உப்பு அதிகம்.

சோறும் மீனும் மட்டும் போட்டு வளர்த்தால் ஆறு மாதத்தில் முன்னங்கால் வளைந்து நிற்கும். காரணம் கால்சியம் பற்றாக்குறை. ஆகவே குட்டிக்கென்று விற்கும் தீவனத்தைப் பாதிக்குமேல் வைத்து, மீனையும் முட்டையையும் அதற்குமேல் சேர்ப்பதுதான் எளிது. தோல் சீவி, நீரை வடித்து வேகவைத்த மரச்சீனி (மரவள்ளி) இரண்டு துண்டு ஆசைக்குக் கொடுக்கலாம், அதில் மாவைத் தவிர ஒன்றுமில்லை. பச்சைக் கிழங்கும் தோலும் இலையும் விஷம். பால் ஒத்துக்கொள்ளாத குட்டிகளே அதிகம், மோர் பரவாயில்லை. திராட்சை, சாக்லேட் ஒரு துண்டும் கூடாது. காய்ச்சலுக்கு வீட்டிலுள்ள பாராசிட்டமாலும் கூடாது.

பூச்சி மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை, பிறகு மாதம் ஒன்றாக ஆறு மாதம் வரை. ஒவ்வொரு முறையும் எடை பார்த்துத்தான் அளவு. குட்டியின் எடை வாரத்துக்கு வாரம் மாறும்.

கோயில் கொடைக்கு வெடி போடுவார்கள். குட்டி பயப்படுமா?
– வாசகர், ஈத்தாமொழி

இப்போதே பழக்குங்கள், மூன்றரை மாதத்துக்குமேல் கடினம். செண்டை, வெடிச் சத்தத்தை போனில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, அப்போது சாப்பாடு போடுங்கள். காது விறைக்காமல் தின்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். கொடையன்று கட்டிப்போடாமல் உள்ளறையில், ஜன்னல் சாத்தி, மின்விசிறி ஓட விட்டு வையுங்கள். கயிற்றை அறுத்து ஓடிக் காணாமல் போவது அந்த இரவுகளில்தான்.

பெட்டைக் குட்டிதான் மிச்சம் இருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகி, கருங்கல்

காவலுக்கும் விளையாட்டுக்கும் பெட்டையில் குறையொன்றும் இல்லை. வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் குட்டி போடும் என்பதுதானே? ஆறு மாதத்தை ஒட்டிக் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. பெரிய உடம்புக் கலப்பாகத் தெரிந்தால் மருத்துவர் கொஞ்சம் தள்ளிச் சொல்லலாம். முதல் பருவம் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வரும், சுமார் மூன்று வாரம் நீடிக்கும். பிறகு பொதுவாக வருஷத்துக்கு இரண்டு முறை. செய்யாமல் விட்டால் வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்து உண்டு. முதல் பருவத்துக்கு முன் செய்தால் பால்மடிக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

அறுவைக்குமுன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை அந்த மருத்துவரிடமே கேளுங்கள். சின்னக் குட்டியைப் பெரிய நாய்போல் இரவு முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். பிறகு பத்து நாள் தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு, ஓட்டமும் குளியலும் இல்லை. சேட்டைக் குட்டிக்கு மூன்றாம் நாளே வலி மறந்துவிடும், அன்றுதான் தையல் பிரியும். ஆகவே விடுமுறை பார்த்து, கூட ஆள் இருக்கும் வாரமாகத் தேதி வாங்குங்கள்.